பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரும்வரை

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வந்து, விண்ணப்பம் அனுப்பும் கடைசித் தேதியும் முடிந்த பிறகு, சிங்கப்பூரில் பல வீடுகளில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் சாப்பிடும்போதுகூடக் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். 2025-இல் உட்லண்ட்ஸில் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. மகளுக்கு இடம் கிடைக்குமா, கேட்ட படிப்பே கிடைக்குமா என்று மார்ச்சிலிருந்து மே வரை தவித்தோம். அந்த மாதங்களில் யாராவது எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றிலும் முக்கியமானது, பதில் இன்னும் வரவில்லை என்பதற்கு இடம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. இதைச் சும்மா ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சேர்க்கை நடக்கும் விதமே அப்படி.

முதலில் எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மகள் உயர்நிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து சமூக மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்தார். அவருக்குத் தமிழைத் தவிரக் கொஞ்சம் மலாய்தான் தெரியும். சிகிச்சை தந்த பெண்களுக்கு இவர் பேச்சு புரியாது. பள்ளி முடிந்ததும் மகள் நேரே அங்கே போய் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்வாள். பாட்டி எழுந்து நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அன்றிலிருந்து பிசியோதெரபி படிக்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கே அந்தப் படிப்பு சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கிறது, எஸ்ஐடி என்று எல்லோரும் சொல்வார்களே, அதில்தான். அங்கே பிசியோதெரபியை முதலிலும், ஆக்குபேஷனல் தெரபி என்ற இன்னொரு சிகிச்சைப் படிப்பை இரண்டாவதாகவும் போட்டாள். கூடவே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் அறிவியல் படிப்புகளுக்கு விண்ணப்பித்தாள். அவள் மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடம் கிடைக்கும் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

தேர்வு முடிவு நாளுக்கு நாம் பழகிப் போயிருக்கிறோம். ஒரே நாள், ஒரே நேரம், எல்லோரும் பள்ளிக்குப் போய்த் தாளை வாங்கிக்கொள்வார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கையும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. இடம் தரும் கடிதங்கள் பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. மதிப்பெண் மட்டும் பார்க்கும் படிப்புகளில், மிக நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. நேர்காணலோ தனித் தேர்வோ உள்ள படிப்புகளுக்கு நாளாகும். மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் எல்லாம் இந்த வகை. நன்யாங்கின் மருத்துவப் பள்ளியில் குட்டிக் குட்டி நேர்காணல்களாகப் பல நடத்துவார்கள். தேசியப் பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. சுகாதாரப் படிப்புகளுக்கும் நேர்காணல் வைக்கிறார்கள். மதிப்பெண் எல்லைக்கோட்டில் இருந்து, வேறு திறமைகளையும் பார்த்து எடுக்கும் வழியில் போகிறவர்களுக்கும் தாமதமாகும்.

இதற்குப் பிறகு இன்னொரு சுற்று இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். நல்ல மதிப்பெண் உள்ள ஒரு பிள்ளைக்கு மூன்று இடம்கூட வரலாம். ஆனால் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு ஏற்புத் தளத்தில் ஒருவர் ஓர் இடத்தைத்தான் ஏற்க முடியும். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டும் காலியாகின்றன. அந்தக் காலி இடங்கள்தாம் பிறகு மற்றவர்களுக்குப் போகின்றன. மகளின் தோழி ஒருத்திக்கு ஏற்பு முடியும் தறுவாயில்தான் கடிதம் வந்தது. அதற்குள் அந்தப் பெண் அழுது ஓய்ந்திருந்தாள்.

இது புரிந்ததும் நான் கொஞ்சம் நிதானமானேன். மகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் மனம் கேட்கவில்லை. காரணம் டெலிகிராம் குழு. யாருக்கு என்ன மதிப்பெண், எந்தப் படிப்பு, என்றைக்குக் கடிதம் வந்தது என்று ஆளாளுக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கிடைத்தவர்கள்தாம் பெரும்பாலும் எழுதுகிறார்கள். காத்திருப்பவர்கள் வாயைத் திறப்பதில்லை. அதனால் உலகத்தில் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, தனக்கு மட்டும் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறது. குழுவை விட்டு வெளியே வா என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள். அறிவிப்பு ஒலியை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னேன். அதைச் செய்தாள்.

மதிப்பெண் ஒப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற சேர்க்கையில் இடம் பெற்றவர்களின் மதிப்பெண் நிலவரத்தைப் பல்கலைக்கழகங்கள் படிப்புவாரியாக வெளியிடுகின்றன. அதில் பத்தாவது விழுக்காட்டு நிலை, தொண்ணூறாவது விழுக்காட்டு நிலை என்று இரண்டு இருக்கும். பல பெற்றோர் அந்தக் கீழ் மதிப்பெண்ணைத் தகுதிக்கோடு என்று நினைத்து, அதற்கு ஒரு படி குறைந்தாலே போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இடம் கிடைத்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அந்த மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழேயோ இருந்தவர்தான். மேலும் அது முந்தைய ஆண்டின் கணக்கு, இந்த ஆண்டுக்கான வாக்குறுதி ஆகாது.

2026 சேர்க்கையிலிருந்து புள்ளிக் கணக்கே மாறிவிட்டது. முன்பு மொத்தம் 90 புள்ளி. முழு அளவில் படிக்கும் மூன்று எச்2 பாடங்களுக்கு 60, அதில் பாதி அளவான ஒரு எச்1 பாடம், பொதுத்தாள் என்ற ஆங்கிலத் தாள், புராஜெக்ட் வொர்க் என்ற குழுத் திட்டப்பணி ஆகியவற்றுக்குத் தலா 10. இப்போது மூன்று எச்2 பாடங்களும் பொதுத்தாளும் சேர்ந்து 70 புள்ளி. புராஜெக்ட் வொர்க்கில் தேர்ச்சி பெற்றாலே போதும். நான்காவது பாடமும் தாய்மொழியும் சேர்த்தால் மொத்தம் உயரும் என்றால் மட்டும் கணக்கில் வரும். ஆகவே மூன்று வருடத்துக்கு முன்னால் சேர்ந்த அண்ணன் மகனின் எண்ணையும் உங்கள் பிள்ளையின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டும் வேறு கணக்கு.

ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டு வந்தது. ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்விட்டு என் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"என்னம்மா, எங்க கெடச்சிருக்கு?"

"இன்னும் வரல பெரியம்மா."

"அப்படியா? எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்பவே வந்துருச்சாமே."

அக்கா மனதில் ஒன்றும் இல்லை. பிள்ளை மேல் உள்ள அக்கறைதான். ஆனால் என் மகள் அதற்குப் பிறகு ஒரு வாய் பாயசம்கூடக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிரவு அவள் அப்பாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இனிமேல் யார் கேட்டாலும் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை, நாங்கள் சொல்வோம். மறுநாள் நானே அக்காவுக்குப் போன் செய்தேன். "வந்த உடனே அவளே உங்களுக்குத்தான் மொதல்ல சொல்வாக்கா. அதுவரைக்கும் அவகிட்ட கேக்க வேணாம்" என்றேன். அக்கா புரிந்துகொண்டார். அடுத்த வாரம் வந்தபோது படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், மகளுக்குப் பிடித்த மீன் சம்பலை டப்பாவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நம் உறவினர்கள் கெட்டவர்கள் இல்லை. என்ன வேண்டும் என்று நாம் வாய் திறந்து சொன்னால் பெரும்பாலோர் செய்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மின்னஞ்சலையும் விண்ணப்ப நிலையையும் பார்ப்பது, நடுவில் பார்ப்பதில்லை. நாங்கள் "வந்துச்சா?" என்று கேட்பதில்லை, வந்தால் அவள் சொல்வாள். எல்லா நாளும் இதைக் கடைப்பிடித்தோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடைப்பிடித்த நாள்கள் நன்றாக இருந்தன. பார்க்காமலே இருந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நேர்காணல் அழைப்பு வந்தால் பதில் சொல்லக் கொஞ்ச நாள்தான் தருவார்கள். குப்பை அஞ்சல் பெட்டியையும் பார்க்க வேண்டும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைப் போட்டிருந்தால் உடனே சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். படிப்பு முடிந்ததும் பள்ளிக் கணக்கு நிலைக்காது.

பகலில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது பெரிய துணை. காஸ்வே பாயின்டில் ஒரு ரொட்டிக் கடையில் பகுதி நேரமாகப் போய்வந்தாள். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு அருகே முதியோர் நிலையத்தில் தொண்டூழியம். கையில் வேலை இருக்கும்போது கைப்பேசி பையில் இருக்கும். சம்பளம் வந்த அன்று தம்பிக்குக் காலணி வாங்கித் தந்தாள். இடம் கிடைக்குமா என்பதைத் தவிர வேறு எதற்கும் தகுதியில்லாதவள் போலத் தன்னை நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்று அன்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் ஓர் இரவு அவள் தூங்கவே இல்லை. மூன்று மணிக்கு வரவேற்பறையில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "நான் எதுக்கும் லாயக்கில்லம்மா" என்றாள். அறிவுரை சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, விடியும்வரை கூடவே இருந்தேன். பிள்ளை இப்படிப் பேசுவது ஒரு நாளோடு நிற்காமல் சாப்பாடும் தூக்கமும் கெட்டுக்கொண்டே போனால், தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பெற்றோரும் அழைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எஸ்ஐடியிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தபோது வீடே திருவிழாவானது. என்ன கேட்பார்களோ என்று பதில்களை எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்கினாள். அவள் அப்பாதான், "பாட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ என்ன பாத்தியோ அத சொல்லு, போதும்" என்றார். நல்ல யோசனை. எந்தப் படிப்பாக இருந்தாலும் பிள்ளை கண்ணால் பார்த்தது, கையால் செய்தது ஒன்று இருக்கும். அதைப் பற்றிப் பேச மனப்பாடம் தேவையில்லை.

நோயாளி பயிற்சி செய்ய மறுத்தால் என்ன செய்வாய் என்று நேர்காணலில் ஒருவர் கேட்டாராம். இவள் பாட்டியின் கதையைச் சொல்லியிருக்கிறாள். பாட்டி பயிற்சிக்கு எழவே மாட்டேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தார். அங்கிருந்த சிகிச்சைப் பெண் ஒருவர், வீட்டில் தினமும் நீங்கள் தவறாமல் செய்யும் வேலை எது என்று மகள் மூலமாகக் கேட்டார். சாமிக்கு விளக்கேற்றுவது என்றார் பாட்டி. மறுநாள் மேசையை அலமாரி உயரத்துக்கு ஏற்றி, ஒரு சின்ன விளக்கையும் வைத்து, நின்றபடி திரியைச் சரிசெய்யச் சொன்னார் அந்தப் பெண். பாட்டி நின்றார்.

மே மாதத் தொடக்கத்தில் அறிவியல் படிப்புக்கு ஓர் இடம் வந்தது. பெரிய பல்கலைக்கழகம். அவள் அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உடனே ஏற்றுக்கொள் என்றார். அவளோ எஸ்ஐடி பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றாள். வீட்டில் கொஞ்சம் சத்தம்தான். கடைசியில் நாங்கள் செய்ததையே உங்களுக்கும் சொல்வேன். ஏற்பதற்கான கடைசி நாளையும் நேரத்தையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். அதுவரை கையிலிருப்பதை வேண்டாம் என்று சொல்வதில்லை, அவசரப்பட்டு முடிவெடுப்பதும் இல்லை. அதற்குள் எதிர்பார்த்த பதில் வராவிட்டால் கையிலிருப்பதை ஏற்பது. இந்த ஏற்பாடு சரிவர, கையிலிருக்கும் படிப்பு பிள்ளை மனமாரப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால்தான் விண்ணப்பிக்கும்போதே, கிடைத்தால் படிப்பேன் என்று சொல்லக்கூடிய படிப்புகளை மட்டும் போடுவது நல்லது.

கடைசி நாளுக்குச் சில நாள் முன்னால் எஸ்ஐடியிலிருந்து கடிதம் வந்தது. பிசியோதெரபி கிடைக்கவில்லை, சுருக்கமாக ஓ.டி. என்று சொல்லும் ஆக்குபேஷனல் தெரபி கிடைத்திருந்தது. முதலில் அழுதாள். பிறகு அந்தப் படிப்பைப் பற்றிய விவரங்களை நிதானமாகப் படித்தோம். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, வேலைக்குப் போவது என்று மனிதன் அன்றாடம் செய்வதை மீண்டும் செய்ய வைப்பதுதான் அந்தத் தொழில். படித்துக்கொண்டே வந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "அம்மா, விளக்கேத்த சொன்னாங்களே அந்த அக்கா, அவங்க பிசியோ இல்ல. அவங்க ஓ.டி." என்றாள். இத்தனை வருடம் அவள் வியந்து பேசியதெல்லாம் இந்த வேலையைத்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் அப்பாவுக்கு உடனே மனம் ஒப்பவில்லை. "பேரு இருக்கற யுனிவர்சிட்டிய விட்டுட்டா?" என்றார். அவருடைய பயம் நியாயமானது. கப்பல் பட்டறையில் முப்பது வருடமாக உழைக்கும் மனிதர், மகள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். ஆக்குபேஷனல் தெரபி செய்பவர்கள் சட்டப்படி பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த முடியும், மருத்துவமனைகளிலும் முதியோர் நிலையங்களிலும் அவர்களுக்கு வேலை இருக்கிறது என்றெல்லாம் மகள் எடுத்துச் சொன்னாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி, நீதான் படிக்கப்போற" என்றார். கடைசி நாளுக்கு முதல் நாள் ஏற்றுக்கொண்டாள். முதல் போன் அக்காவுக்குத்தான் போனது.

இடமே வராதவர்களுக்கும் வழிகள் உண்டு. மேல்முறையீடு செய்யலாம். ஆனால் எனக்கு ரொம்ப ஆசை என்று மட்டும் எழுதினால் போதாது, முன்பு சொல்லாத புதிய தகவல் ஏதாவது இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே தேர்வு முடிவோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. கிடைத்த இடத்தைக் கட்டாயத் தேசிய சேவை முடியும்வரை பல்கலைக்கழகம் வைத்திருக்கும், சேவையில் இருக்கும்போதே வேறு படிப்புக்கு விண்ணப்பிக்கவும் முடியும். தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியில் இருந்த என் தம்பி மகன் அப்படித்தான் செய்தான்.

காத்திருக்கும் வாரங்களில் பெற்றோர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் பணக் கணக்கு. பிள்ளையின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக் காலத்தில் அரசு போட்ட எடுசேவ் பணத்தின் மிச்சம் அதில்தான் சேர்ந்திருக்கும், கூடப்பிறந்தவர்களின் கணக்கிலிருந்தும் கட்டணத்துக்கு எடுக்க முடியும். மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்கிலிருந்தும் பெற்றோர் கட்டலாம். ஆனால் அது கடன், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பிள்ளை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்வி உதவி நிதியும் கிடைக்கும், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடமும் கேட்கலாம். வருமானச் சான்றுகளை எடுத்து வைத்தால் பின்னால் ஓட வேண்டாம்.

சுகாதாரப் படிப்புக்குப் போகும் பிள்ளை என்றால் இன்னொன்று. இடத்தை ஏற்றதும் மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசி விவரமும் கேட்பார்கள். விட்டுப்போன ஊசி இருந்தால் அதைப் போட்டு முடிக்க நாளாகும். பிள்ளையின் தடுப்பூசிப் பதிவை அரசின் ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். அதில் ஏதாவது விடுபட்டிருந்தால், பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த சுகாதாரப் புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.